மழைக்கு தப்பிய கூரை பாலம் தீக்குச்சிக்கு தப்பவில்லை!

வீட்டுக்கு கூரை போடுவார்கள். மாட்டுக் கொட்டகைக்கும் போடுவார்கள். பாலத்துக்கு கூரை போட்டு பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் அயோவா மாநிலம் மாடிசன் கவுண்டியில் இப்படிப்பட்ட மரப்பாலங்கள் இருக்கின்றன. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

ஏன் கூரை?

'ஆற்றுத் தண்ணீரை பார்த்து குதிரை மிரளாமல் இருக்கத்தான் கூரை' என்று ஒரு கதை உண்டு. உண்மை காரணம் வேறு. பாலத்தை தாங்குவது பெரிய பெரிய மர உத்திரங்கள். மழையில் நனைந்து நனைந்து அவை உளுத்துப் போனால் மாற்ற ஏகப்பட்ட செலவு ஆகும். மேல் கூரையும் பக்க பலகையும் மாற்றுவது சுலபம், செலவும் குறைவு. அதனால் உத்திரத்தை காப்பாற்ற கூரை போட்டார்கள். இதனால்தான் 1870-ல் கட்டிய பாலம்கூட இன்னும் நிற்கிறது.

ஒரு நாள் பயணம்

இங்கே மொத்தம் 19 பாலங்கள் இருந்தன. இப்போது மிஞ்சியது வெறும் 6. பக்கத்தில் குடியிருந்தவர்களின் பெயரையே பெரும்பாலும் பாலத்துக்கு வைத்துள்ளனர். தலைநகர் டிமாய்னில் இருந்து சுமார் 55 கிலோ மீட்டரில் உள்ள வின்டர்செட் ஊரில் பயணத்தை தொடங்கலாம். இருபுறமும் மக்காச்சோளம், சோயா வயல்கள். நடுவே புழுதி பறக்கும் ஜல்லி ரோடு.

1880-ல் கட்டிய ஹாலிவெல் பாலம்தான் நீளமானது, 122 அடி. இதிலும் ரோஸ்மன் பாலத்திலும்தான் 1995-ல் வந்த 'தி பிரிட்ஜஸ் ஆப் மாடிசன் கவுண்டி' படத்தை எடுத்தார்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட், மெரில் ஸ்ட்ரீப் நடித்த படம். சுற்ற நேரம் இல்லாதவர்கள் வின்டர்செட் பூங்காவுக்கே போகலாம். 1970-ல் ஒரு பாலத்தை அங்கே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். அக்டோபர் 2-வது வார இறுதியில் பாலத் திருவிழாவும் நடக்கும்.

தீ வைத்த ஆசாமிகள்

மழையை தாங்கிய பாலங்களுக்கு எமனாக வந்தது மனுஷன்தான். 1983-ல் மெக்பிரைட் பாலத்தை கொளுத்தினார்கள். அது போனது போனதுதான். 1883-ல் கட்டிய சீடர் பாலத்துக்கு 2002-ல் தீ வைத்தனர். அதே மாதிரி 2004-ல் திரும்ப கட்டினார்கள். 2017-ல் அதையும் கொளுத்தி விட்டனர். ஊர் மக்கள் விடவில்லை. மீண்டும் கட்டி 2019-ல் திறந்தார்கள். ஆக, இப்போது அங்கே நிற்பது 3-வது பாலம். ஹாக்பேக் பாலத்துக்கும் 2003-ல் தீ வைத்தார்கள். நல்லவேளையாக அது தப்பியது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காரை ஓரம் கட்டிவிட்டு பாலத்துக்குள் நடந்து பாருங்கள். சிகரெட், தீப்பெட்டி பக்கம் மட்டும் கை போகக் கூடாது. எல்லாம் காய்ந்த மரம். பற்றினால் அவ்வளவுதான்!