பள்ளத்தாக்கின் சமநிலம் எங்கிருந்து வந்தது?

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் மலை பெயர்ந்த இடம், இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களின்படி, கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெயர்ந்த பரப்பு 86,000 சதுர மீட்டர், சுமார் 21 ஏக்கர். ஆனால் மண்ணும் பாறையும் அங்கேயே குவிந்துவிடவில்லை. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடி, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை வாரிக்கொண்டு போயின. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல உடல்கள் மலப்புறம் மாவட்டத்தில், சாலியாற்றில்தான் கிடைத்தன.

21 ஏக்கர் சரிவு இவ்வளவு தூரம் எப்படிப் போகும்?

மலைச்சரிவில் ஓடை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை போலக் குழிந்த பகுதிகள் இருக்கும். பக்கத்து மேடுகளிலிருந்து கழுவிவரும் மண் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே சேரும். மழை நீரும் நிலத்தடியில் அங்கேதான் வந்து கூடும். அடியில் பாறை, மேலே தளர்ந்த மண், இடையில் ஏறிக்கொண்டே போகும் நீரழுத்தம். வயநாட்டில் 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது மண்ணின் பிடி விட்டுவிட்டது.

அதன் பிறகு நடப்பதுதான் ஊர்களை அழிக்கிறது. நீர் ஊறிய மண் ஓடைக்குள் இறங்கியதும் கெட்டியான சேறாக ஓடத் தொடங்கும். தண்ணீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானது என்பதால் லாரி அளவுப் பாறைகளையும் தூக்கிச் செல்லும். பெரிய பாறைகள் முன்வரிசைக்கு வந்துவிடும். போகிற வழியில் ஓடையின் அடியையும் கரையையும் அரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பெருத்துக்கொண்டே போகும். குறுகலான இடத்தில் மரங்கள் அடைத்துக்கொண்டால் சற்று நேரம் தேங்கி, பிறகு ஒரேயடியாக உடையும். சரிவு குறைந்து பள்ளத்தாக்கு விரியும் இடத்தில்தான் வேகம் தணிந்து சுமையை இறக்கும்.

அப்படி இறக்கிய சுமைதான் நாம் சமநிலம் என்று வீடு கட்டும் இடம். மலைநாட்டில் தட்டையான நிலம் அரிது. அதில் மண் வளமும் பக்கத்திலேயே ஓடையும் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பள்ளிக்கூடமும் கடைவீதியும் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் அங்கேதான் வருகின்றன. குடியேறியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அனுமதி கொடுத்தவர்களுக்கு அந்த நிலம் உருவான விதம் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்வது கடினமும் அல்ல. கிணறு தோண்டும்போதோ வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டும்போதோ வெளிப்படும் சுவரைப் பாருங்கள். சாதாரண வெள்ளம் கொண்டுவந்தது என்றால் கூழாங்கல், மணல், வண்டல் என்று அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். சிறிதும் பெரிதுமாக முனை மழுங்காத கற்கள் களிமண்ணுக்குள் தாறுமாறாகப் புதைந்திருந்தால், அது சேற்றுப் பெருக்கு ஒருமுறை வந்துபோன தடமாக இருக்கலாம்.

‘ஒருமுறை சரிந்த இடம் மறுபடி சரியாது’ என்று மலையூர்களில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. காலியான குழி மீண்டும் நிரம்ப நெடுங்காலம் ஆகும் என்பது சரி. ஆனால் சரிவு விட்டுச்சென்ற செங்குத்து விளிம்பு பிடிமானம் இழந்து நிற்கும். அடுத்த பெருமழையில் அந்த விளிம்பு விழும், குழி மேல்நோக்கி நீளும். பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதி மலைக்குள் ஏறிச் செல்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. முண்டக்கையில் 1984இலும் சரிவு நடந்து 14 பேர் இறந்தனர். 2024இல் பெயர்ந்த இடத்தில் பழைய சரிவின் தழும்பு இருந்ததை அதற்கு முந்தைய ஆண்டின் செயற்கைக்கோள் படமே காட்டுகிறது. அருகிலுள்ள புத்துமலையில் 2019 ஆகஸ்டில் 17 பேரைப் பறித்ததும் இதே வகைப் பெருக்குதான்.

வயநாட்டை ஒட்டிய கூடலூர், பந்தலூர் பக்கத்தில் இருப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கனமழையின்போது ஓடை திடீரென வற்றினாலோ, நீர் சட்டென்று கலங்கினாலோ, மேலே பாறை உருளும் சத்தம் கேட்டாலோ சாமான்களை எடுக்க நிற்காதீர்கள். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.