முதற்பெயர் தெரியாதவர்கள்

எடிசனில் ஓக் ட்ரீ சாலைப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடம் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னால், சிலருடையதில் முதற்பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'எஃப்.என்.யு' என்ற மூன்றெழுத்தைப் பார்க்கலாம். 'முதற்பெயர் தெரியாது' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசா அச்சிடுபவர்கள் இருக்கிற பெயர் முழுவதையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் இந்த மூன்றெழுத்தை நிரப்புகிறார்கள். பிறகு வங்கி, காப்பீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அதே பெயர்தான். பல் மருத்துவமனையில் 'மிஸ்டர் ஃபனு' என்று கூப்பிட்டால் எழுந்து போகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதரிடம் இருப்பதே முதற்பெயர் ஒன்றுதான். இல்லாதது குடும்பப்பெயர். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், காலியாக விடமுடியாத கட்டங்களை உருவாக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் இந்தக் கட்டத்துக்குள் நம் பெயர்கள் ஏன் அடங்குவதில்லை, அவை எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு என்ன பொருள் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசை. சிறப்புப் பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வருமிடத்தில் இயற்பெயரை முன்னால் சொல்லமாட்டார்கள் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு விதியே இருக்கிறது. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்ற பெயரைப் பாருங்கள். ஊர் முதலில், ஆசிரியரான தந்தை அடுத்து, ஆள் கடைசியில். எழுத்ததிகாரத்தில் தந்தை பெயரும் மகன் பெயரும் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கும் விதி உண்டு. கொற்றன் என்பவன் சாத்தனின் மகனானால் 'சாத்தங்கொற்றன்' என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். தந்தை முன்னால், மகன் பின்னால். நாம் போடும் இனிஷியலின் வரிசை இதுதான். இதற்கு நேர் எதிரான வழக்கமும் இருந்திருக்கிறது. ஆதனின் தந்தை 'ஆந்தை', பூதனின் தந்தை 'பூந்தை'. மகன் பெயரால் அப்பாவை அடையாளம் சொல்வது. பிசிராந்தையார் பெயரில் இருப்பது இந்த ஆந்தைதான், இரவில் அலறும் பறவை அல்ல.

இந்தப் பெயர்கள் புலவர்களின் கற்பனையில் மட்டும் இருந்தவை அல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீம் என்ற பழைய ரோமானியத் துறைமுகத்தில் கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டுப் பானை ஓடுகளில், தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கண்ணனும் சாத்தனும்தான். யாரோ ஒருவர் தன் பானை இன்னொருவர் பானையோடு கலந்துவிடக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார். நம்மூர்ப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அதே வேலை. ஆவணமில்லாமல் அயல்நாடு போய்வந்த அவரிடம் யாரும் குடும்பப்பெயர் கேட்டதாகத் தெரியவில்லை!

கீழடி ஓடுகளில் ஆதன், உதிரன், குவிரன் போன்ற பெயர்கள் உள்ளன. ஆதன் சேர மன்னர்களின் பெயர். நெடுஞ்சேரலாதன், வாழியாதன் என்று வரும். ஆனால் பிற்கால அகராதிகளைப் புரட்டினால் ஆன்மா, குருடன், அறிவில்லாதவன் என்றெல்லாம் பொருள் போட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அரசர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பெயர், இன்னொரு காலத்தில் திட்டுகிற வார்த்தையாகியிருக்கிறது. இணையத்தில் குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுபவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பொருளை எழுதி முடித்துவிடுவார்கள் (பொருள் தெரியாவிட்டால் 'அழகு' என்று போடுவது அவர்கள் வழக்கம்). அகராதிப் பொருளைவிட, அந்தப் பெயரை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்வெட்டில் ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கிறார்கள். நக்கன் சேரமங்கை, நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் எடுத்தபாதம் என்று நீளும். எடுத்தபாதம் என்பது தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடி. ஒரு பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைக்கத் தோன்றிய ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மனத்தை நினைத்தால் சிலிர்க்கிறது. எல்லாப் பெயருக்கும் முன்னால் நிற்கும் நக்கன் சிவனின் பெயர் என்றும், தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறைவன் பெயரை இட்டிருக்கிறார்கள் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

கிராமத்துப் பெயர்கள் வேறு ரகம். அவை பயத்தில் பிறந்தவை. முந்தைய குழந்தைகள் தவறிப்போன வீட்டில் அடுத்தது பிறந்தால், அதைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி. பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை. எமன் கண்ணுக்கு மதிப்பில்லாத பொருளாகத் தெரியட்டும் என்ற தந்திரம். பெண் குழந்தைகள் வரிசையாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்'. இந்தப் பெயர்களோடு பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கி 'உள்ளேன் ஐயா' சொன்ன பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்ப் பெயர்கள் எல்லாமே இனியவை என்று மேடையில் பேசுபவர்கள் இவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது பழைய வழக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்குபவன், என்பதன் திரிபுதான். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பிள்ளைக்கு அதே பெயர். பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? அதனால்தான் வீட்டுக்கு வீடு ராசா, தம்பி, துரை, கண்ணு என்று கூப்பிடுகிற பெயர் ஒன்று தனியாக வந்தது. ஏட்டில் இருந்த பெயர் பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் தெரியவந்தது.

பெயரின் வால் இன்னொரு கதை. அண்டை மாநிலங்களில் குடும்பப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தமிழ்நாட்டில் சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிறகு ஓரிரு தலைமுறைகளில் பொதுவாழ்வில் பட்டங்கள் பெருமளவு உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தை நிரப்பியது அப்பா பெயரின் முதலெழுத்து. நம் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. விமான நிலைய அதிகாரியிடம் இதை விளக்க எனக்கு ஆசைதான். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள்.

அதே காலத்தில் முன்பாதியும் மாறியது. சூரியநாராயண சாஸ்திரியார் தன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் ஆனார். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், வேதத்தை மறையாக்கி அசலத்தை மலையாக்கி மறைமலையடிகள் ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் மாறினார்கள். நெடுஞ்செழியன் சங்ககாலப் பாண்டியன் பெயர். பல நூற்றாண்டுகள் ஏட்டுச் சுவடியில் தூங்கிய பெயரை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே இந்த வரலாறு முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் தட்சிணாமூர்த்தியாகப் பிறந்த மு. கருணாநிதியின் பிள்ளைகள் பெயரைப் பாருங்கள். தாத்தா முத்துவேலர் பெயரில் முத்து. பட்டுக்கோட்டை அழகிரியின் பெயரில் அழகிரி. 1953 மார்ச்சில், சோவியத் தலைவர் இறந்த அதே வாரத்தில் பிறந்தவர் ஸ்டாலின். பிறகு தமிழரசு, கனிமொழி.

இதற்குத் துல்லியமான இணை எனக்குக் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். லிதுவேனியா. நியூ ஜெர்சியில் எலிசபெத், கியர்னி ஊர்களில் லிதுவேனியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்துவத்தை ஏற்ற நாடு அது, 1387-ல். அதற்கு முன் அவர்கள் பெயர்கள் இரண்டு சொற்களை ஒட்டி உருவானவை. 'தவுத்தா' என்றால் மக்கள். அதைப் பின்னால் வைத்தால் வீத்தவுத்தஸ், முன்னால் வைத்தால் தவுத்வீதஸ். 'தவுக்' என்றால் மிகுதி, அதிலிருந்து மிந்தவ்காஸ். நாம் செல்வத்தை வைத்துக்கொண்டு தமிழ்ச்செல்வன், அன்புச்செல்வன், கலைச்செல்வன் என்று மாற்றி மாற்றிப் பூட்டுகிறோமே, அதே இயந்திரம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு இவை போய், புனிதர்களின் பெயர்களான யோனாஸ், பெத்ராஸ் வந்தன.

பழைய பெயர்கள் முற்றிலும் அழியவில்லை. பல, குடும்பப்பெயர்களுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடவே தடை விதித்தது (1864 முதல் 1904 வரை). அந்த இருட்டில் 1883-ல் வெளிநாட்டில் அச்சாகிக் கள்ளத்தனமாக உள்ளே வந்த ஒரு பத்திரிகைக்கு 'அவுஷ்ரா' என்று பெயர். விடியல் என்று பொருள். மொழி இயக்கம் எழுந்தபோது, குடும்பப்பெயர்களிலும் பழைய வரலாற்று ஏடுகளிலும் ஒளிந்திருந்த இயற்பெயர்களைத் தோண்டியெடுத்துக் குழந்தைகளுக்கு மறுபடி வைத்தார்கள். நெடுஞ்செழியன் திரும்பியதுபோல வீத்தவுத்தஸ் திரும்பி வந்தார். கூடவே மண்ணின் பெயர்களும் வந்தன: தேசியச் செடியான ரூத்தா, ஊசியிலை மரமான எக்லே, பனித்துளியான ரசா, நெருப்பான உக்னே. கடைசி இரண்டும் வடமொழி ரசம், அக்னி ஆகியவற்றின் தூரத்து உறவு.

குடும்பப்பெயரும் அங்கே பெரும்பாலும் ஓர் அப்பாவின் பெயர்தான். யோனாஸின் வழி வந்தவன் யோனாய்த்திஸ். அவன் மனைவி யோனாய்த்தியெனே, மகள் யோனாய்த்தித்தே. ஒரு பெண்ணுக்குத் திருமணமாகிவிட்டதா என்பதைப் பெயரின் விகுதியே சொல்லிவிடும். அதை மறைக்கும் பொது விகுதி ஒன்றை 2003-ல்தான் சட்டம் அனுமதித்தது. அமெரிக்கா வந்த ஒரு யோனாய்த்திஸ் குடும்பம் இங்கத்திய உச்சரிப்பில் தேய்ந்து யுனைடஸ் ஆனது. கால்பந்து வீரர் ஜானி யுனைடஸ் அந்த வழியில் வந்தவர். லிதுவேனிய கிராமத்தில் என்றோ வாழ்ந்த யாரோ ஒரு யோனாஸ், பால்டிமோர் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் வாயில் முழங்கியிருக்கிறார்.

எடிசன் தமிழர்கள் இன்று பெயர் வைக்கும் முறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்க்கலாம். இங்கே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் படிவத்தை நீட்டிவிடுகிறார்கள். எனவே ஏழாம் மாதமே எக்செல் கோப்பு தயாராகிறது. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்து, எண்கணிதம், இரு பக்கத்துப் பாட்டிகளின் வீட்டோ, எல்லாவற்றுக்கும் மேலாக 'இங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்'. இந்தக் கடைசி வடிகட்டியில்தான் அதிகம் அடிபடுகிறது. ழகரம் போச்சு. மூன்று அசைக்கு மேல் போச்சு. நெடுஞ்செழியன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். தப்பிப் பிழைப்பவை நிலா, மாயா, மீரா, இனியா. இதில் எனக்குக் குறையில்லை. பானை ஓட்டில் கீறத் தோதாக அன்றைய பெயர்களும் சின்னதாகத்தான் இருந்தன. கீழடிக்குப் பிறகு ஆதன் என்று வைக்கிறவர்களையும் பார்க்கிறேன். ஏடன் என்று வெள்ளைக்காரர்கள் வைக்கும் பெயருக்குப் பக்கத்தில் அது வகுப்பறையில் அலுங்காமல் உட்கார்ந்துவிடுகிறது.

யாரும் உட்கார்ந்து யோசிக்காமல் நடந்துவிடுவது இரண்டாவது கட்டத்தில். குழந்தைக்கு முதற்பெயர் நிலா. கடைசிப் பெயருக்கு என்ன போடுவது? அப்பாவின் கடவுச்சீட்டில் என்ன இருக்கிறதோ அது. அப்பாவின் அப்பா பெயர். குப்புசாமி, மாரிமுத்து, முனியாண்டி, சுடலைமுத்து. இவற்றைத் தங்கள் பிள்ளைக்கு வைக்க யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். ஆனால் பள்ளி வருகைப் பதிவேட்டில் நிலா குப்புசாமி என்று ஏறிவிடுகிறது. பட்டத்தை வெட்டியெறிந்த இடத்தில், ஒரு தனி மனிதரின் இயற்பெயர் குடும்பப்பெயராக உறைந்துபோகிறது. அப்பெயர்களைத் தமிழ்நாட்டு நகரங்களிலேயே இப்போது பிறக்கும் குழந்தைகளிடம் காண்பது அரிது. நியூ ஜெர்சியில் அவை இன்னும் பல தலைமுறைக்கு ஓடும், தேய்ந்தாலும்.

திருமணமானதும் கணவரின் கடைசிப் பெயரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இதில் கூடுதல் விசேஷம் உண்டு. கணவரின் கடைசிப் பெயர் மாமனாருடைய பெயர். எந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அவர் பாட்டி ஊரில் வாழ்நாள் முழுவதும் 'அவுக' என்றே சமாளித்தாரோ, அந்த வகைப் பெயரை இவர் கிரெடிட் கார்டு கம்பெனிக்காரனிடம் தொலைபேசியில், கே ஃபார் கைட், யு ஃபார் அம்ப்ரெல்லா, பி ஃபார் பேரட், இன்னொரு பி என்று, சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டே எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு வந்து தங்கியிருக்கும் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.