எங்கள் மொட்டை மாடிக்கு மேலே பால்வீதி

மூதூர் இறங்குதுறையில் இரவில் நின்றால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை நகரத்து விளக்குகள் தெரியும். எல்லோரும் அதைத்தான் பார்ப்போம். திரும்பி நின்று தெற்கு வானத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் கடந்த ஜூலை வரை பார்த்ததில்லை.

விடுமுறையில் வந்த சாச்சா தன் டிஜிட்டல் கமராவை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதில் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கலாம் என்று அறிந்ததும் உம்மாவிடம் அனுமதி கேட்டேன். "கடற்கரைக்கெல்லாம் போக ஏலாது. மேல மாடியில, தம்பியையும் கூட்டிக்கிட்டு" என்றார். தான் மட்டும் மேலே வரமாட்டேன் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். 2006 ஆகஸ்டில் எங்கள் ஊர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அந்த நாட்களில் இரவு வானத்தில் வெளிச்சம் என்றாலே பயம்தான் என்று உம்மா சொல்வார். இன்றும் எங்கள் முற்றத்து மின்குமிழ் விடியும் வரை எரியும். அதை அணைக்க விடமாட்டார்.

எந்த இரவு?

இரவு வானத்தைப் படம் பிடிக்கச் சந்திரன் இல்லாத இருட்டு வேண்டும். அதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே போதும். பிறை 27 முதல் மாத முடிவு வரை சந்திரன் விடியற்காலையில்தான் உதிக்கும். அடுத்த மாதத்தின் பிறை 1, 2, 3 ஆகிய நாட்களில் அது மாலையிலேயே மறைந்துவிடும். இந்த இரவுகளைத் தெரிவு செய்யுங்கள்.

மாதத்தையும் கவனிக்க வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று மழை தரும் மாதங்களில் நம் வானம் மூடிக்கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பால்வீதியின் ஒளி மிகுந்த நடுப்பகுதி முன்னிரவில் தெரிவதும் இக்காலத்தில்தான். இது கிழக்குக் கரைக்குக் கிடைத்த பாக்கியம்.

கமராவை ஆயத்தம் செய்தல்

நான் பயன்படுத்தியது கமராவோடு வந்த சாதாரண வில்லை. குவியத்தூரம் 18 மில்லிமீற்றர். குவியத்தூரம் குறைந்த அகலக்கோண வில்லை வானத்தின் பெரும் பரப்பை ஒரே படத்தில் அடக்கும்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தெரிகின்றன. அதிக நேரம் ஒளியை உள்ளே விட்டால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: 500ஐக் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். என் கமராவின் உணரி சிறியது. ஆகவே முதலில் 18ஐ 1.5ஆல் பெருக்கினேன். 27 வந்தது. 500ஐ 27ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 செக்கன். அதற்கு மேல் விடக்கூடாது.

வில்லைத் துவாரத்தை முழுமையாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தேன். இருட்டில் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. முதல் இரவு அது தெரியாமல் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் அப்பளம் போல வீங்கியிருந்தன. மறுநாள் குவியத்தைக் கையால் திருப்பும் முறைக்கு மாற்றினேன். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பினேன்.

கமரா அசையக்கூடாது. முக்காலியில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டேன்; கச்சான் காற்று அதை அசைக்கவில்லை. பொத்தானை அழுத்தும் அதிர்வைத் தவிர்க்க 2 செக்கன் தாமதம் வைத்தேன். கடற்காற்றின் உப்பு வில்லையில் படியும். மெல்லிய துணியால் துடைத்து மூடிவையுங்கள்.

எங்கே பார்ப்பது?

மூதூர் ஏறத்தாழ 8.5 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. எனவே துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 பாகை. திருகோணமலை விளக்குகளுக்கு மேல் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் தேடுங்கள்.

ஜூலை நடுவில் இரவு பத்து மணியளவில் தெற்கே திரும்பினால் விருச்சிகத்தின் வளைந்த வால் தெரியும். அதன் இடப்பக்கம், பாதி வானத்துக்குச் சற்று மேலே, வெண்புகைபோல் இருப்பதுதான் பால்வீதியின் மையப்பகுதி. அது நம்மிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. அறபியில் பால்வீதிக்கு வைக்கோல்காரர் பாதை என்ற கருத்தில் ஒரு பெயர் உண்டு. அறுவடைக் காலத்தில் நம் வயல் வீதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் விளங்கும்.

மூன்றாம் இரவு ஓரளவு நல்ல படம் கிடைத்தது. ஆனால் அதன் கீழ்ப்பாதி முற்றத்து வெளிச்சத்தால் மஞ்சளாகியிருந்தது. கீழே ஓடி உம்மாவிடம் காட்டினேன்.

"இது நம்மட ஊட்டுக்கு மேலயா?" என்றார்.

"ஓம் உம்மா, ஒருக்கா வந்து பாருங்களேன்."

படிக்கட்டில் சற்று நின்றுவிட்டு வந்தார். கண் இருட்டுக்குப் பழகச் சுமார் 20 நிமிடமாகும் என்று சொல்லி அவரைப் பாயில் உட்கார வைத்தேன். நீண்ட நேரம் தெற்கே பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தம்பியிடம், "கீழ போய் முத்தத்து லைட்ட நிப்பாட்டு மகன்" என்றார்.

அன்றுதான் எனக்கு நல்ல படம் கிடைத்தது. உம்மா கீழே போனதும் விளக்கு மீண்டும் எரிந்தது. இப்போது நாட்காட்டியில் பிறை 27 வந்தால் அவரே எனக்கு ஞாபகப்படுத்துகிறார்.

சகோதரிகளே, கமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மாடிக்கோ முற்றத்துக்கோ வாருங்கள். அரை மணி நேரம் விளக்கை அணைத்துப் பாருங்கள்.