கலன்பூவும் கூலூம்பூவும்

1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கினார். அந்தத் துறையைப் ‘பத்தாலா’ என்று குறித்தார். அப்போது அங்கிருந்த அரசர் ஆரியச்சக்கரவர்த்தி, வந்தவர் பாவா ஆதம் மலைக்குப் போக ஆசைப்படுவதை அறிந்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் உணவு சுமக்கப் பதினைந்து ஆட்களையும் கூட்டி அனுப்பினார். நாம் சிவனொளிபாதமலை என்று கும்பிடுவதும் அதே மலையைத்தான். ஏறி இறங்கி, தெற்கே போய், தெவிநுவரையைத் ‘தீனவர்’ என்றும் காலியைக் ‘காலி’ என்றும் குறித்துக்கொண்டு கரையோரமாகத் திரும்பியவர் ‘கலன்பூ’ வந்து சேர்ந்தார். அரபியில் சரந்தீப் எனப்பட்ட இந்தத் தீவின் அழகான, பெரிய நகரங்களில் அது ஒன்று. கடலதிகாரி ஜலஸ்தி ஏறக்குறைய 500 அபிசீனியரோடு அங்கே இருக்கிறார் என்பது அவர் தரும் செய்தி. கலன்பூ நம்முடைய கொழும்பு.

இன்று டுபாய், தோஹா விமான நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் அதே நகரின் பெயர் அரபியில் ஓடுகிறது. அன்று அது காஃப், லாம், நூன், பா, வாவ் என்று ஐந்து எழுத்து. இன்று காஃப், வாவ், லாம், வாவ், மீம், பா, வாவ் என்று ஏழு எழுத்து. குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்குத் தெரியும், பாவுக்கு முன் மெய்யாக நிற்கும் நூன் மகரமாக ஒலிக்கும் என்று. அப்படி வாசித்தால் பழைய பெயர் ‘கலம்பூ’ ஆகிறது. சிங்களவர் சொல்லும் கொளம்பவும் தமிழர் சொல்லும் கொழும்பும் அதற்குப் பக்கத்து வீடுகள். புதிய ஏழெழுத்தை எழுத்துப்படி வாசித்தால் ‘கூலூம்பூ’. 1505இல் வந்த போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வழங்கிய ‘கொலம்போ’ அதற்குள் இருக்கிறது. முதல் பெயர் கரையில் காதால் கேட்டது. இரண்டாவது ஐரோப்பியர் வழங்கிய பெயரிலிருந்து எழுதியது.

மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1883 ஜனவரியில் ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவும் தோழர்களும் கொழும்பில் இறங்கினார்கள். கப்பல் கம்பனிகளின் அட்டவணையில் அப்போது இருந்தது கொலம்போ. ஆனால் அவர்களில் ஒருவரான கவிஞர் மஹ்மூத் சாமி அல் பாரூதி, தாம் வாழ்ந்த தீவைத் தம் கவிதையில் சரந்தீப் என்றே அழைத்தார். 1899இல் அவர் ஊர் திரும்பினார். 1901இல் ஒராபியும் போனார்.

அதே 1883, ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. மலையகமும் துறைமுகமும் ஒன்றோடொன்று பிணைந்தது அந்தக் காலத்தில்தான். 1875இல் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1885இல் ரயில் நானுஓயாவுக்கு ஏறியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை குறுகிய பாதையில் சிறு ரயில் ஓடியது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களை நம்பிப் போட்ட பாதை அது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ஈயத்தாள் விரித்த மரப்பெட்டியில் தூளை அடைத்து, ஆணியடித்து, தகட்டு அச்சை வைத்துத் தோட்டத்தின் பெயரைக் கறுப்பு மையில் தேய்ப்பார்கள். பெட்டி கப்பலேறும்போது அந்தப் பெயரும் கூடவே கடல் கடந்தது. 1940களில் அந்த ரயில் நின்றுபோனது. இப்போது பல அடுக்குக் காகிதச் சாக்குகள் லொறியில் இறங்குகின்றன. ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. 2020 முதல் ஏலமே கணினித் திரையில்தான் நடக்கிறது. வாங்கியவர் வேறு தோட்டங்களின் தூளோடு கலந்த பிறகு அந்தப் பெயர் மறைந்துவிடுகிறது.

இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளின் முதல் வரிசையில் அண்மைய ஆண்டுகளில் ஈராக் நிற்கிறது. ஐக்கிய அரபு அமீரகமும் லிபியாவும் பெரிய வாடிக்கையாளர்கள். பக்தாத் கடையில் அந்தத் தேயிலைக்குப் பெயர் ‘ஷாய் சீலானி’. அன்று அரபி பேசிய பயணி ஒருவரே பத்தாலா, தீனவர், காலி, கலன்பூ என்று இந்தத் தீவின் ஊர்களைப் பிரித்துச் சொன்னார். மலைக்காட்டு அட்டையைக்கூட விடாமல், அது கடித்தால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விழவைப்பார்கள் என்று எழுதிவைத்தார். இன்றும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் உப்பையும் சவர்க்காரத்தையும் காலில் தடவிக்கொண்டுதான் மழைக்கால மலைக்குள் இறங்குகிறார்கள். தேநீர் குடிக்கும் அரபிக் குடும்பத்துக்கு அந்த அட்டையும் தெரியாது, அந்த மலையின் பெயரும் தெரியாது.

போக்குவரத்தின் திசையும் மாறியிருக்கிறது. அன்று அரபி பேசியவர் மலைக்கு வந்தார். இன்று மலையிலிருந்து பெண்கள் வீட்டுவேலைக்காக அரபு நாடுகளுக்குப் போகிறார்கள். ஏஜென்சி, பயிற்சி, மருத்துவச் சோதனை என்று நாட்களை எண்ணி, விசா வந்ததும் கொழும்புக்கு இறங்குவார்கள். பொறுப்பேற்கும் முதலாளியைக் குறிக்கும் கஃபீல் என்ற சொல்லைப் போகுமுன்பே கற்றுக்கொள்வார்கள். மற்றதெல்லாம் அந்த வீட்டுச் சமையலறையில் காதால் கற்பது. அவர்கள் அனுப்பிய பணத்தில் சில லயன் வீடுகளின் தகரக்கூரை மாறியது, பிள்ளைகள் உயர்தரம் வரை படித்தார்கள். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் ஆண்டுகளும் அதே கணக்கில்தான் சேர வேண்டும்.

பெற்றது சிறிதல்ல. பயணிகளின் குறிப்புகளில் இருந்த மலைநாடு இன்று இலட்சக்கணக்கான வீடுகளின் தேநீர்க் குவளைக்குள் இருக்கிறது. இழந்தது, கேட்டு எழுதும் பழக்கம். நடந்து வந்தவர் வழி கேட்டார். வழி சொன்னவர் வாயிலிருந்தே ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டார். தேயிலை வாங்குபவர் யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை.

இலங்கைத் தேயிலைச் சபை ஏழு பிராந்தியங்களுக்கும் தனித்தனிச் சின்னம் வகுத்திருக்கிறது. உடப்புசல்லாவையும் அதில் ஒன்று. அந்தச் சின்னத்தோடு அரபு நாட்டுக்குப் போகும் பொதிகளில் ஊர்ப்பெயரை அரபியிலும் அச்சிடலாம். அரபியில் பகரத்தின் வல்லோசை இல்லை. அந்தப் பெயர் அவர்கள் வாயில் எப்படி வரும் என்பது, அங்கே பல வருஷம் வேலை செய்து திரும்பிய நம் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதினால் போதும்.