கடற்பஞ்சும் ஜெல்லி மீனும்: வகைப்பாட்டின் முதல் இரண்டு படிகள்

ஒன்பதாம் வகுப்பு விலங்குலகப் பாடத்தில் பலசெல் உயிரிகளின் வரிசை துளையுடலிகளில் தொடங்கிக் குழியுடலிகளுக்குச் செல்கிறது. ‘செல் அளவிலான அமைப்பு’, ‘திசு அளவிலான அமைப்பு’ என்னும் தொடர்களை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுவர். ஆனால், கடற்பஞ்சு ஏன் தாவரம் இல்லை, ஜெல்லி மீன் ஏன் மீன் இல்லை என்று கேட்டால் தயங்குவர். அத்தொடர்களின் பொருள் விளங்கினால் இந்தத் தயக்கம் நீங்கும்.

கடற்பஞ்சு பாறையில் ஒட்டி, இடம்பெயராமல் வாழ்வதால் நெடுங்காலம் பலர் அதைத் தாவரம் என்றே எண்ணினர். அதன் பெரிய துளைகளிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியேறுவதை 1825-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ராபர்ட் கிராண்ட் விளக்கினார். ஆஸ்டியா எனும் நுண்துளைகள் வழியே நீர் உட்புகுந்து, ஆஸ்குலம் எனும் பெருந்துளை வழியே வெளியேறுகிறது. காலர் செல்கள் கசையிழைகளை அசைத்து இந்த நீரோட்டத்தை உண்டாக்கி, அதில் வரும் உணவுத் துகள்களைப் பிடித்துக்கொள்கின்றன.

1907-இல் அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன், கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து செல்களைப் பிரித்தார். கடல்நீரில் விழுந்த செல்கள் ஒன்றுசேர்ந்து மீண்டும் சிறு கடற்பஞ்சுகளாயின! செல்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் உண்மையான திசுக்களாக அமையவில்லை. இதுவே செல் அளவிலான அமைப்பு. இந்த ஆய்வைக் கதையாகச் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஜெல்லி மீனுக்கு முதுகெலும்பும் இல்லை, செவுளும் இல்லை. புற அடுக்கு, அக அடுக்கு, இடையே மீசோகிளியா எனும் கூழ்ப்பொருள் ஆகியவற்றால் ஆன உடல் அது. மூளை இல்லாவிட்டாலும் நரம்பு வலை உண்டு. அதன் தூண்டலால் தசையிழைகள் ஒருசேரச் சுருங்க, குடை போன்ற உடல் நீரைத் தள்ளி நீந்துகிறது. ஒரே வகைச் செல்கள் கூட்டாக இயங்குவதே திசு அளவிலான அமைப்பு. நீந்தும் ஜெல்லி மீன், ஒட்டி வாழும் ஹைட்ரா, கடல் சாமந்தி, பவளம் ஆகியவை தோற்றத்தில் வேறுபட்டாலும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. ஆரச் சமச்சீர், ஒரே திறப்புடைய உடற்குழி, கொட்டும் செல்கள் ஆகியவை இவற்றை இணைக்கின்றன.

வகுப்பறையில் இரு விலங்குகளின் படங்களையும் கரும்பலகையில் வரைந்து, உணவு வரும் வழியையும் கழிவு போகும் வழியையும் மாணவர்களையே அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லலாம். கடற்பஞ்சில் வழிகள் வேறு வேறு. ஜெல்லி மீனில் வாயே கழிவு வாயிலும் ஆகும். பின்னர் ‘கடல் சாமந்தி எந்தப் பக்கம் சேரும், ஏன்?’ என்று கேட்கலாம். காரணத்தோடு விடை வந்தால் பாடம் புரிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

கடலோரப் பள்ளிகளில் இன்னொன்றையும் தவறாமல் சொல்ல வேண்டும். கரையில் செத்து ஒதுங்கிய ஜெல்லி மீனின் கொட்டும் செல்களும் தொட்டால் நஞ்சைச் செலுத்தக்கூடும். எனவே அதைக் கையால் தொடக் கூடாது. கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், கடல்நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.