கடலில்லா ஊவாவும் கரையோர உயிர்களும்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் கடற்கரை இல்லாதவை நான்கு. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட ஊவா மாகாணம் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஊவாவின் மலைகளிலிருந்து வழிந்தோடும் மழைநீர் ஏதோவொரு கரையைச் சென்றடைகிறது. துன்ஹிந்தையில் அருவியாக விழும் பதுளு ஓயாவும், வெலிமடைப் பள்ளத்தாக்கின் நீரைச் சேர்த்துவரும் உமா ஓயாவும் மகாவலியில் கலந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைகின்றன. மடுல்சீமை மலைப்பகுதியில் ஊற்றெடுக்கும் கல் ஓயா கல்முனைக்குத் தெற்கேயும், ஹெட ஓயா பொத்துவிலுக்கும் பாணமைக்கும் இடைப்பட்ட கரையிலும் கடலில் சேர்கின்றன. கும்புக்கன் ஓயா குமணவையும், மாணிக்க கங்கை கதிர்காமத்தையும் யாலவையும், கிரிந்தி ஓயா திஸ்ஸமகாராமையையும் கடந்து தென்கிழக்குக் கடலில் விழுகின்றன. இந்த முகத்துவாரங்களிலும் அவற்றை ஒட்டிய களப்புகளிலும் வாழும் முதலை, ஆமை, நீர்ப்பறவை, இறால், நண்டு ஆகியவற்றை அமைதியாகச் சென்று காண உதவும் துடுப்புப் படகுப் பயணம் இன்று உலகெங்கும் பரவிவரும் ஒரு சுற்றுலா முறையாகும். அதன் இயல்பையும் எல்லைகளையும் விளங்கிக்கொள்வதற்கு ஊவாவிலிருந்து இறங்கும் நீர்வழியே பொருத்தமான தொடக்கம்.

கயாக் என்னும் படகு

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து, இரு முனைகளிலும் தட்டையான அலகு கொண்ட துடுப்பால் வலமும் இடமுமாக மாறி மாறித் தள்ளிச் செலுத்தும் ஒடுங்கிய படகு ஆகும். வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிட், அலூட் முதலிய மக்கள் மிதந்துவந்த மரத்துண்டுகளாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து இதனை உருவாக்கினர். அவர்களுக்கு அது வேட்டைக்கருவி. ஓசையின்றி விலங்கை நெருங்குவதே அதன் நோக்கம். வேட்டைக்காக வகுக்கப்பட்ட அதே ஓசையின்மையே இன்று உயிரினங்களைப் பார்வையிடுவோருக்கும் பயன்படுகிறது.

இக்காலக் கயாக்குகள் பிளாஸ்டிக்காலோ கண்ணாடியிழையாலோ செய்யப்படுகின்றன. திறந்த கடலுக்கான வகை ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் ஒடுங்கிய உடலும் கொண்டது. அதன் முன்னும் பின்னும் நீர்புகா அறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் அமிழ்வதில்லை. அமர்பவரின் இடுப்பைச் சுற்றி இறுக்கப்படும் துணி அலைநீர் உள்ளே புகாமல் தடுக்கிறது. களப்பு போன்ற அமைதியான நீர்நிலைகளுக்கு, மேற்பரப்பிலேயே அமரக்கூடிய அகன்ற வகை போதுமானது. கவிழ்ந்தால் எளிதில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம் என்பதால் புதியவர்களுக்கு இதுவே கொடுக்கப்படுகிறது. இரு வகைகளும் முழங்காலளவு நீரில்கூடச் செல்லவல்லவை. ஆகவே இயந்திரப் படகு நுழைய முடியாத கண்டல் வேர்களின் இடுக்குகளும் கடற்புல் படுகைகளும் இவற்றுக்கு எட்டும். சுழலி இல்லாததால், மூச்சுவிட மேலே வரும் ஆமையையோ கடற்பசுவையோ வெட்டிக் காயப்படுத்தும் அபாயமும் இல்லை.

வழிகாட்டி எதற்கு?

ஓசையற்ற படகு தீங்கற்ற படகு என்று எண்ணிவிடுவது பொதுவான தவறாகும். இயந்திரத்தின் இரைச்சலைத் தொலைவிலேயே கேட்டு விலகிவிடும் பறவையும் விலங்கும், துடுப்புப் படகு மிக அருகில் வந்த பின்னரே அதனை உணர்கின்றன. அப்போது அவை திடுக்கிட்டுக் கூட்டையும் குஞ்சையும் இரையையும் விட்டு ஓடுகின்றன. கரையோரமாகவும் ஆழமற்ற நீரிலும் செல்லும் ஆற்றல் கயாக்குக்கு இருப்பதால், விலங்குகள் ஒதுங்கி ஓய்வெடுக்கும் கடைசி மறைவிடங்களுக்கும் அது சென்றுவிடுகிறது. இந்த ஆற்றலுக்குக் கடிவாளமிடுவதே வழிகாட்டியின் முதற்பணி.

தேர்ந்த வழிகாட்டி ஒருவர் நடந்துகொள்ளும் விதம் இதனைத் தெளிவாக்கும். சேற்றுக்கரையில் முதலையொன்று வாய்பிளந்து கிடப்பதைக் கண்டால், அவர் துடுப்பை உயர்த்தாமல் நீரோடு கிடையாக வைத்துத் தம் குழுவை நிறுத்துகிறார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே பக்கமாகத் திரண்டு நிற்கும்படி செய்து, விலங்கு நீருக்குள் இறங்கும் வழியை மறைக்காமல் விடுகிறார். விலங்கு தலையை உயர்த்தினாலோ, வாயை மூடி உடலைத் திருப்பினாலோ நெருக்கம் மிகுந்துவிட்டது என்பதறிந்து பின்வாங்கச் சொல்கிறார். இலங்கையில் நன்னீரை விரும்பும் சதுப்பு முதலை, உவர்நீருக்குப் பழகிய பெரிய உவர்நீர் முதலை என இருவகை உள்ளன. இரண்டுமே மனிதரைத் தாக்கக்கூடியவை, பின்னது கூடுதல் ஆபத்தானது என்பதால், எந்தக் களப்பில் எது வாழ்கிறது என்ற உள்ளூர் அறிவு உயிர்காக்கும் அறிவாகவும் அமைகிறது.

தொலைவு குறித்து வகுக்கப்பட்ட விதிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய நெறிமுறை, படகுகள் திமிங்கிலத்திலிருந்து 100 மீட்டரும் ஓங்கிலிலிருந்து 50 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்கிறது. இலங்கையில் கடற் பாலூட்டிகளும், இந்நாட்டுக் கரைகளுக்கு வந்து முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளும் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காக்கப்பட்டவை. அவற்றைத் துன்புறுத்துவது குற்றம்.

பொத்துவில் களப்பு

ஊவாவிலிருந்து கடலுக்கு இறங்குவோருக்கு மிக இயல்பான வழி கொழும்பு–மட்டக்களப்பு ஏ4 நெடுஞ்சாலையாகும். அது கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலை அடைகிறது. பொத்துவிலுக்கு அடுத்துள்ள அறுகம்குடா அலைச்சறுக்கலுக்குப் பெயர்பெற்றது. ஆனால் உயிரினங்களைக் காண விரும்புவோர் நாடுவது வடக்கே உள்ள பொத்துவில் களப்பையே. களப்பு என்பது மணல்திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒரு முகத்துவாரத்தின் வழியே மட்டும் கடலோடு தொடர்புகொண்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு. அங்கு உள்ளூர் மீனவர்கள், பக்கவாட்டில் மிதப்புக்கட்டை பொருத்திய தோணிகளில் பார்வையாளரை ஏற்றி, கோலூன்றியும் துடுப்புப் போட்டும் கண்டல் காட்டினூடாக அழைத்துச் செல்கின்றனர். கயாக் என்ற பெயர் இல்லாவிடினும், இயந்திரமின்றி உள்ளூர் அறிவின் துணையோடு உயிரினங்களைக் காணச் செல்லும் இம்முறை அதன் சாரத்தையே கொண்டுள்ளது. நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி, வெண்வயிற்றுக் கடற்கழுகு, கபரக்கொய்யா, முதலை ஆகியவற்றோடு, சில வேளைகளில் கரைக்கு வரும் யானைகளையும் அங்கே காணலாம்.

கண்டல் என்பது உவர்நீரிலும் வேரூன்றி வளரவல்ல மரக்கூட்டம்; அதன் வேர்களுக்கிடையில் இறாலும் மீன்குஞ்சும் வளர்வதால் அது மீனவரின் வருவாய்க்கும் அடிப்படை. 2004 டிசம்பர் 26 ஆம் தேதிய சுனாமியில் இக்கரை பெரும் அழிவைக் கண்டது; அதன் பின்னர் கண்டல்களைக் காக்கவேண்டும் என்ற உணர்வு நாடெங்கும் வலுப்பெற்று, 2015 இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமொன்று அறிவிக்கப்பட்டது.

தேயிலைக்கும் கடலுக்கும் பொதுவான காற்று

இப்பயணங்களுக்கு உகந்த காலத்தைத் தீர்மானிப்பது காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைப் பொழிகிறது. ஈரத்தை இழந்தபின் கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்திற்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் என்ற அளவில் வெப்பமடைந்து, வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்குச் சமவெளியை அடைகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணமும் சுவையும் ஏற்படுவதற்கும், ஏலத்தில் அதற்கு மதிப்பு உயர்வதற்கும் இந்த வறண்ட காற்றே காரணமாகச் சொல்லப்படுகிறது. கொழுந்துக்குச் சுவையேற்றும் அதே பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கடல் பெரும்பாலும் தணிந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தணிவில் ஒரு பொறி உண்டு. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று கரையோர நீரை அலையின்றித் தட்டையாகக் காட்டும். இலேசான கயாக்கோ கவனிக்கப்படாமலே ஆழ்கடல் நோக்கி நகர்ந்துவிடும். திரும்பிவர முனையும்போது காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டியிருக்கும். ஆகையால் அனுபவமுள்ள வழிகாட்டிகள் விடியற்காலையில் புறப்பட்டு, முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, களைப்பு மிகும் திரும்பு வழியில் காற்றின் துணையைப் பெறும்படி பாதையை அமைப்பர். மிதவைச் சட்டை அணிதல், தனியே செல்லாதிருத்தல், முகத்துவாரத்தின் நீரோட்டத்தைத் தவிர்த்தல் ஆகியவை எந்நாளும் தளர்த்தக்கூடாத நியதிகள்.

அக்டோபருக்குப் பின் வாடைக்காற்றோடு வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஊவாவின் ஆறுகள் பெருக்கெடுத்துக் களப்புகளை நிரப்ப, வறட்சியில் மணலால் மூடிக்கொண்ட முகத்துவாரங்கள் தாமாக உடைகின்றன அல்லது வெட்டித் திறக்கப்படுகின்றன. அந்த வழியே கடலின் இறால் குஞ்சுகள் களப்புக்குள் நுழைகின்றன; அவற்றைத் தேடி மீனும் பறவையும் வருகின்றன. அக்காலத்தில் துடுப்புப் பயணங்கள் மேற்கே கற்பிட்டிக்கு மாறுகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்குள்ள கடலில் சுழன்று துள்ளும் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன.

கடலை எட்டாமலே இத்தகைய காட்சியை விரும்புவோருக்குக் கல் ஓயா தேசியப் பூங்கா உண்டு. 1954 இல் நிறுவப்பட்டு ஊவா, கிழக்கு ஆகிய இரு மாகாணங்களிலும் பரந்துள்ள இப்பூங்காவின் நடுவே சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் அமைந்துள்ளது. இங்கினியாகலையிலிருந்து படகில் செல்வோர், யானைகள் துதிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சுவிட்டவாறு தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதைக் காண்கின்றனர்.

புந்தல தரும் பாடம்

மலையில் நீருக்கு நேர்வது கரையின் உயிர்களுக்கும் நேர்கிறது என்பதற்குத் தென்கிழக்குக் கரையிலுள்ள புந்தல சிறந்த சான்று. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்ப்பறவை வாழிடமாக ஏற்கப்பட்ட புந்தலவுக்குப் பெருமை தேடித்தந்தவை பூநாரைக் கூட்டங்கள். 1980களில் கிரிந்தி ஓயாவின் குறுக்கே லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட பின், வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் இடைவிடாது சேர்ந்து அவற்றின் உவர்த்தன்மையைக் குறைத்தது. உவர்நீரையே நம்பிய இறால் குறைந்தது, மீனவரின் பிடிபாடு சரிந்தது, பூநாரைகளும் அருகின. எவரும் ஒரு பறவையைக்கூடச் சுடாமலே ஒரு காட்சி மறைந்தது.

இப்போது கிரிந்தி ஓயாவுக்கு மேலும் நீர் வருகிறது. 2024 ஏப்ரல் 24 இல் திறந்துவைக்கப்பட்ட 120 மெகாவாட் உமா ஓயாத் திட்டம், முன்னர் மகாவலி வழியே திருகோணமலைக்குச் சென்ற நீரின் ஒரு பகுதியைச் சுரங்கத்தால் தெற்கே திருப்புகிறது. அச்சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதை ஊவா மக்கள் நேரில் கண்டனர். கரையின் களப்புகளில் என்ன மாற்றம் நிகழ்கிறது என்பதையும் அதே அக்கறையோடு கவனித்தல் வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே சிந்தனை வளர்ந்துவருகிறது. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் கடந்துவந்த அக்கடற்பரப்பு, கடற்புல் மேயும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் வாழிடம். தமிழ்நாடு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. இராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காடு என்னும் மீனவர் ஊரில், வனத்துறையின் துணையோடு ஊராரே கண்டற்காட்டுப் படகுச் சவாரியையும் கயாக் பயணத்தையும் நடத்துகின்றனர். வழிகாட்டும் உரிமையும் அதன் வருவாயும் ஊராரிடம் தங்கும்போது, காட்டைக் காக்கும் காரணமும் அவர்களிடமே தங்குகிறது என்பதை இது காட்டுகிறது.

அதே நியாயத்தை ஆற்றின் மறுமுனைக்கும் நீட்டலாம். பராமரிப்புக் குன்றிய தேயிலை மலைகளிலிருந்தும் வெலிமடையின் மரக்கறிச் செய்கை நிலங்களிலிருந்தும் கனமழையில் அரிக்கப்படும் மண், ஓடைகளில் இறங்கி நீர்த்தேக்கங்களில் படிகிறது; கலந்துவரும் உரமும் கிருமிநாசினியும் அதையும் தாண்டிச் செல்லக்கூடியவை. தேயிலை மீள்நடுகையின்போது சரிவில் கல்வரம்பு கட்டுதல், வடிகான்களைத் துப்புரவாக வைத்தல், ஓடையின் இரு கரையிலும் தேயிலை நடாமல் மரமும் புல்லும் வளரவிடுதல் ஆகியவை தோட்டங்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட முறைகளே. செலவு மிச்சம் என்று இவை கைவிடப்படும்போது இழப்பு தோட்டத்தோடு நிற்பதில்லை. எனவே கரையில் துடுப்புப் பிடிக்கும் வழிகாட்டிக்குத் தரப்படும் பயிற்சியைப் போலவே, மலையில் ஓடைக்கரையைக் காக்கும் தொழிலாளிக்குத் தரப்படும் கூலியும் கரையோர உயிர்களைக் காப்பதற்கான முதலீடாகவே கணிக்கப்பட வேண்டும்.