முதலில் குளிர்ச்சி, பிறகு ஆஸ்பத்திரி!

வத்தல்மலை என்ற பெயரைக் கேட்டவுடன், வெயிலில் காய்ந்து வற்றிப்போன மலை ஒன்று வாசகர்களின் மனக்கண்முன் தோன்றக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. தர்மபுரிக்கு அருகில், மூவாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் இம்மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கினாலோ, கோடையில் சமவெளி அனலைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மலைவாசி ஒருவர் கூலி வேலைக்காகவோ, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஓட்டப் பந்தயத்துக்காகவோ சித்திரை மாதத்தில் கீழே வருவதாக வைத்துக்கொள்வோம். மேட்டில் ஏறி இறங்கி உரமேறிய கால்கள், சளைக்காத நெஞ்சு. "இவனை வெயில் என்ன செய்துவிடும்?" என்றுதான் நாம் நினைப்போம். அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

கால்களின் வலிமை வேறு. உஷ்ணத்தைத் தாங்கும் பழக்கம் வேறு. உழைக்கும் தசைகள் உலையைப்போல் உஷ்ணத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகும்போதுதான் அந்த உஷ்ணம் உடலைவிட்டு நீங்கும். வெயிலுக்குப் புதிய உடல், தினந்தோறும் சிறிது சிறிதாக உழைப்பைக் கூட்டி வந்தால், 10 முதல் 14 நாட்களில் பழகிவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை விரைவில் சுரக்கிறது. அதனுடன் வெளியேறும் உப்பும் குறைகிறது. இப்பழக்கம் வருமுன், முதல் நாளே முழுமூச்சுடன் இறங்குகிற பலசாலிக்குத்தான் ஆபத்து அதிகம்.

உடலின் உள்வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அதுவே வெப்பத் தாக்கு. பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், ஆள் சுருண்டு விழுவான். தோல் உலர்ந்திருந்தால்தான் இந்நோய் என்று எண்ணுவது தவறு. ஓடியும் உழைத்தும் விழுந்தவனுக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம்.

அமெரிக்காவில் 1985-ஆம் வருஷம் டக்ளஸ் காசா என்ற பள்ளி மாணவர் 10,000 மீட்டர் பந்தயத்தில் இவ்வாறு விழுந்தார். உயிர் பிழைத்த அவர், பிற்காலத்தில் இத்துறையிலேயே பெயர்பெற்ற ஆராய்ச்சியாளரானார். அந்நாட்டில் ஃபால்மத் என்ற ஊரில் ஆகஸ்டு மாதந்தோறும் ஏழு மைல் ஓட்டம் ஒன்று நடைபெறுகிறது. அங்கே 18 வருஷத்துக் குறிப்புகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வெப்பத் தாக்குற்ற 274 பேரைப் பந்தயத் திடலிலேயே குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்! "முதலில் குளிர்வி; பிறகு கொண்டு செல்" என்பதே இத்துறையினர் கண்ட விதி. அரைமணி நேரத்துக்குள் உஷ்ணம் இறங்கவேண்டும்.

வத்தல்மலைச் சரிவில் ஒருவர் விழுந்தால், வளைவுகளில் இறங்கி ஆஸ்பத்திரி சேருவதற்குள்ளேயே அந்த அரைமணி கரைந்துவிடும். எனவே 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாகாது. நிழலில் கிடத்தி, மேலாடையைக் களைந்து, தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டுத் தொட்டியிலாவது கழுத்தளவு அமிழ்த்த வேண்டும். தொட்டி இல்லையேல் குடங்குடமாக ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, ஓயாமல் விசிறவேண்டும். நினைவு தவறியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பிழைத்தவரும் மறுநாளே மண்வெட்டி பிடிக்கலாகாது. குறைந்தது ஒரு வாரம் ஓய்வு. பிறகு வைத்தியரின் சம்மதத்தோடு படிப்படியாகவே உழைப்புக்குத் திரும்பவேண்டும்.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் ஏற்படுத்தியது. நல்ல காரியந்தான். ஆனால் எந்தக் குடும்பமும் அந்தப் பணத்தை விரும்பிக் கேட்கப் போவதில்லை. வயல் ஓரத்திலும் பந்தயத் திடலிலும் ஒரு தொட்டித் தண்ணீரைத் தயாராக வைத்திருப்போமானால், அதைக் கேட்க நேராமலே செய்யலாம்.